காலி அறைக்கும் ஒரு பூட்டு

செக்கர் அக்கா என்றால்தான் அந்த நூலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், வாசலில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, செக்கர் அக்காவைக் கேக்கறீங்களா?" என்று உள்ளே அனுப்புவார்கள்.

அந்தப் பெயரை வைத்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற நூலகம் அது. சம்பளம் வாங்காமல் வாசித்துக் கொடுக்க அவர் வந்து சேர்ந்த முதல் நாள், ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவைத் தொடங்கப் போனார். கணினி, "அனுமதி மறுக்கப்பட்டது" என்றது. மறுபடியும் முயன்றார். மறுபடியும் அதே பதில். அக்கா வந்தாள். திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேஜையைத் தடவி, சொருகாமல் கிடந்த, பதிவுகளைச் சேமிக்கிற டிரைவைக் கையில் எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த சட்டைப் பொத்தானை விரலால் உறுதிப்படுத்திக்கொண்டு, சொருகினாள்.

"டிரைவ் இல்லாம பதிவு பண்ண நான் விடமாட்டேன்ணே."

"என் சர்வீஸ்ல எத்தனையோ செக்கரைப் பாத்தாச்சும்மா" என்றார் கண்டக்டர். "ஏறின ஆளைப் பிடிப்பாங்க, இறங்கின ஆளைப் பிடிப்பாங்க. பஸ்ஸே வராதப்ப பிடிக்கிற செக்கரை இப்பதான் பாக்கறேன்."

அன்றிலிருந்து அவள் செக்கர். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

நூலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே பிளாஸ்டிக் சாமான் கடை, முதல் மாடியில் ஒரு தட்டச்சுப் பள்ளி. மேலே மொத்தம் மூன்று அறைகள். தெருப்பக்கத்து அறை செயலாளருக்கு. நடு அறையில் சுவர் முழுக்க அட்டை ஒட்டி ஒலிப்பதிவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கடைசி அறையில் அக்கா உட்கார்ந்து பதிவுகளைச் செப்பனிடுவாள். இருமலை எடுப்பாள், தும்மலை எடுப்பாள், இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிய சத்தத்தை எடுப்பாள். அவள் மேஜைக்குப் பக்கத்து அலமாரியில் டிரைவுகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் ரப்பர் வளையம், ஒன்றில் மூன்று முடிச்சுப் போட்ட நூல், ஒன்றில் ஒரு துண்டு உப்புத்தாள். கையை விட்டால் வேண்டியது கையில் வரும். வேறு யாராவது எடுத்து இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு அவர் பாடு பெரும்பாடு.

அக்காவுக்குப் பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் பார்வை போய்விட்டது. அதைப் பற்றி நீட்டி முழக்கிப் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. "போச்சு. வேற கதை இருந்தா சொல்லுங்க" என்று முடித்துவிடுவாள். ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தாள். நூற்றுக்கணக்கான எண்களும் குரல்களும் மனப்பாடம். பிறகு அலுவலகம் போர்டைக் கழற்றிவிட்டு, எல்லார் மேஜையிலும் தனித்தனித் தொலைபேசி வைத்தது. விடை கொடுக்கும் நாளில் அவளுக்கு அழகான சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மணி அடிக்காத கடிகாரம். அந்தக் கதையை அவள் இன்றுவரை சிரிக்காமல் சொல்லி முடித்ததில்லை. வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடிக்குச் சாணை பிடிப்பவர். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறார், என்கிட்ட மட்டும் ஒரு வியாபாரமும் நடக்கலை" என்பாள். அவர் பக்கத்தில் இருந்தால், "நடக்காததுனாலதான் குடும்பம் நடக்குது" என்பார்.

நூலகத்துக்கு அவள் வந்தபோது, யாரோ தானம் கொடுத்த பழைய கணினிகள் இரண்டு தூசி படிந்து கிடந்தன. உரிமம் வாங்க வசதியில்லாததால் அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டிருந்தார்கள். திரையில் வருவதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருளும் அதில் இருந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள். படத்தைத் தேடிச் சொடுக்குகிற வேலையே கிடையாது. கமாண்டை விரலால் அடிப்பாள், பதிலைக் காதால் வாங்குவாள். மற்றவர்கள் வாக்கியமாகக் கேட்பதை அவள் நாலு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது வண்டு ரீங்காரம் போல இருக்கும். நடுவில் அவள் மட்டும் திடீரென்று சிரிப்பாள், அல்லது "அடப்பாவி" என்பாள்.

சொருகுகிற டிரைவுகள்தான் அவளுக்கு ஓயாத வேலை கொடுத்தன. லினக்ஸில் ஒரு டிரைவைச் சொருகினால் மட்டும் போதாது. அதை ஒரு ஃபோல்டரின் மேல் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்தால் டிரைவில் இருப்பதெல்லாம் தெரியும். ஏற்றாத நேரத்தில் அதே ஃபோல்டர், கணினியின் சொந்த வட்டில் இருக்கும் ஒரு காலி அறை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், முகவரியும் ஒன்றுதான். திறந்து பார்க்கிறவருக்கு எது டிரைவ், எது காலி அறை என்று எழுதி ஒட்டியிருக்காது.

ஆகவே அவள் இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வைத்திருந்தாள். டிரைவ் ஏறியிருந்தால் வாசகர்கள், அதாவது வாசித்துக் கொடுக்கிறவர்கள், அதில் எழுதலாம். ஏறாமல் இருந்தால், அந்தக் காலி ஃபோல்டரில் யாரும் ஓர் எழுத்துக்கூட எழுத முடியாது. செயலாளர் ஒருமுறை வியப்பாகக் கேட்டார், காலி அறைக்கு எதற்குப் பூட்டு என்று.

"காலியா இருக்கிறதாலதான் சார். சாமான் இருக்கிற அறையில எடுத்துட்டுப் போறவனுக்குப் பயப்படணும். காலி அறையில, தெரியாம கொண்டுவந்து வச்சுட்டுப் போறவங்களுக்குப் பயப்படணும்."

செயலாளர் நல்ல மனிதர். புரிந்த மாதிரி தலையாட்டினார். தலையாட்டியது அவளுக்குத் தெரியாது என்று ஞாபகம் வந்ததும், "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தரம் சொன்னார்.

கண்டக்டரின் குரலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நொண்டும். பிதுங்கி வழிகிற பஸ்ஸில் முன் படியிலிருந்து பின் படிவரை கேட்கிற குரல் அது. ஆனால் மைக்கின் முன்னால் அதை அப்படியே மடித்து, காதருகே பேசுவதுபோல வைத்துக்கொள்வார். காணாமல் போன ஒரு கப்பலையும் அதற்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தையும் பற்றிய பெரிய நாவலை அவர் வாசிக்கத் தொடங்கினார். அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டபோது, கேட்கிறவர்கள் நூலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "கப்பல் கிடைச்சுதா? முன்கூட்டியே சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சுவார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் மட்டும் அக்காவைப் படுத்தியது. ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்ததும் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பஸ் கூரையில் தட்டிய கை அது. ஒரு தட்டு என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு தட்டு என்றால் போகலாம். அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம் என்று அவருடைய கையே சொல்லிவிடும். அக்கா ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு தட்டையும் வெட்டி எடுப்பாள். எடுத்துவிட்டு, நேரில் பார்க்கும்போது திட்டுவாள். "டிரைவர் யாருமே இல்லண்ணே இங்க." அவர், "பழகின கைம்மா, அதை ரிடையர் பண்ண முடியலை" என்பார்.

நாவல் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் இருந்தபோது அவருக்குத் தொண்டைக் கரகரப்பு நிற்கவில்லை. மருத்துவமனையில் பார்த்துவிட்டு, குரல்பெட்டியையே எடுக்க வேண்டும், தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாள் குறித்தாகிவிட்டது. இடையில் ஒரு வாரம் இருந்தது. அவர் வீட்டுக்குப் போகாமல் நேராக நூலகத்துக்கு வந்து, மீதி அத்தியாயங்களை அந்த வாரத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்றார். அவர் மனைவி தடுக்கவில்லை. வெந்நீர் நிரப்பிய பிளாஸ்க்கைக் கொடுத்தனுப்பினார்.

அந்த வாரம் பார்த்து அக்காவின் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. அக்கா வீட்டைவிட்டு நகர முடியவில்லை. முதல் நாளே தொலைபேசி வந்தது.

"செக்கரம்மா, உங்க மிஷின் என்னை ஏத்த மாட்டேங்குது."

"என்னண்ணே சொல்லுது?"

"அனுமதி இல்லைங்குது. காலமெல்லாம் நான் அடுத்தவனுக்குச் சொன்னதை இப்ப எனக்கே சொல்லுது."

"டிரைவ் சொருகியிருக்கா?"

"பொத்தான் டிரைவ்தானே? சொருகியிருக்கு. விளக்குகூட எரியுது."

விளக்கு எரிகிறது என்றதும் அவள் வேறு பக்கம் யோசிக்கவில்லை. நூலகத்தில் அடிக்கடி வருகிற தொல்லை ஒன்று இருந்தது. லினக்ஸ் ஒரு கோப்பின் சொந்தக்காரரைப் பெயரால் குறித்து வைப்பதில்லை, எண்ணால்தான் குறித்து வைக்கும். கடைசி அறைக் கணினியில் முதலில் பதிவானவள் அக்கா. ஒலிப்பதிவு அறைக் கணினியில் முதலில் பதிவானவர் செயலாளர். அதனால் அங்கே அக்காவுக்கு உள்ள எண் இங்கே செயலாளருக்கு. அக்கா தன் அறையில் டிரைவில் ஏதாவது செய்து அனுப்பினால், ஒலிப்பதிவு அறையில் அது செயலாளரின் சொத்தாகிவிடும். வாசகர்களை எழுத விடாது. இதற்கு நிரந்தரமாக ஒரு வழி பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள், வேலை மேல் வேலை வந்து தள்ளிப்போனது. அந்தத் தொல்லைதான் இதுவும் என்று முடிவுகட்டினாள். உள்ளறையில் மகள் அரிப்புத் தாங்காமல் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்துவிடும் கமாண்டை அக்கா எழுத்து எழுத்தாகச் சொன்னாள். கண்டக்டர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். செயலாளர் அடித்தார். நடுவில் ஏழு ஏழு ஏழு என்று வந்தது.

"இந்த நம்பர் பஸ் எங்கம்மா போகுது?"

"எல்லா ஊருக்கும் போகும்ணே. யார் வேணும்னாலும் ஏறலாம்."

"அப்ப சரி" என்றார். கணினி வழிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் வந்து வாசித்தார். பதிவு செய்ததை அங்கேயே போட்டும் கேட்டார். எல்லாம் தெளிவாக இருந்தது. கடைசி நாள் செயலாளரிடம் கைகுலுக்கிவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்.

மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு அக்கா வேலைக்குத் திரும்பினாள். வந்ததும் பொத்தான் டிரைவ் மக்கர் செய்வதைக் கவனித்தாள். என்றோ மின்சாரம் போனதில், எதையோ எழுதிக்கொண்டிருந்த அது பாதி எழுத்தில் நின்றிருந்தது. ஒலிப்பதிவு அறைக் கணினியிலேயே அதைச் சரிபார்த்து, சீர்செய்து, அதன் ஃபோல்டரில் ஏற்றினாள். திறந்து பார்த்தால் இருபத்தேழிலிருந்து முப்பத்தொன்று வரை இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு இல்லை, முடிவு இல்லை, கப்பல் இல்லை.

டிரைவின் மூலை முடுக்கெல்லாம் தேடினாள். அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓட்டினாள். அழித்ததற்கான தடயமே கிடையாது.

கண்டக்டரின் மனைவி நூலகத்துக்கு வந்து விசாரித்தபோது செயலாளர் மிகவும் தயங்கித்தான் சொன்னார், பயத்தில் இருந்தவர் சேமிக்காமல் விட்டிருக்கலாம் என்று. அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "அவர் பாதி வழியில ஜனங்களை இறக்கி விட்டவர் இல்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அக்கா அந்தச் செருப்புச் சத்தம் தெருவில் கரைகிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்கிறவர்களின் தொலைபேசி ஓயவில்லை. எத்தனை நாளைக்குத்தான் சாக்குச் சொல்வது? செயலாளர், நன்றாக வாசிக்கிற பள்ளி ஆசிரியை ஒருவரை மீதி அத்தியாயங்களுக்கு ஏற்பாடு செய்தார். இன்னொரு ஏற்பாடும் செய்தார். ஒலிப்பதிவு அறைக் கணினி சில நாட்களாக இடமில்லை இடமில்லை என்று புலம்பியபடி நத்தையாக ஊர்ந்தது. கணினிக் கடைக்காரரிடம் கொடுத்து, வட்டை முழுக்கத் துடைத்து, புதிதாக லினக்ஸ் போட்டு வாங்கிவிடலாம் என்றார். பதிவெல்லாம் டிரைவில்தானே இருக்கிறது என்று அக்காவும் ஒப்புக்கொண்டாள். ஆனால் வட்டு நிறைந்துவிட்டதாகக் கணினி சொன்ன கணக்கும், ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் கூட்டி அவளே எடுத்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த வித்தியாசம் செருப்புக்குள் புகுந்த பொடிக்கல்போல அவளை உறுத்தியது.

கடைக்காரர் வரவிருந்த நாள் காலையில் அவள் மருத்துவமனைக்குப் போனாள். எப்படிச் சேமித்தார் என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும்.

கண்டக்டர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சிலேட்டு. அவர் எழுதுவார், மனைவி அதை அக்காவுக்குப் படித்துச் சொல்வார். அந்த அம்மாள் எழுதியதைப் படிப்பதோடு நிற்கவில்லை. கூடவே சொந்தமாக நாலு வார்த்தையும் சேர்த்தார்.

"'நான் எல்லாத்தையும் முடிச்சேன், போட்டும் கேட்டேன்'னு எழுதியிருக்கார். உடம்பு முடியாதப்பகூட முடிச்சார்ம்மா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட மாட்டார், நான்தான்..."

சிலேட்டில் சுண்ணாம்புக்கட்டி டொக்கென்று விழுந்தது. நான் எழுதாததைப் படிக்காதே என்று அதற்கு அர்த்தம்.

"பாருங்க, வாய் போனாலும் அதிகாரம் போகலை" என்றார் அந்த அம்மாள்.

அக்கா கட்டிலின் இரும்புக் கம்பியைத் தொட்டுக் காட்டினாள். "அண்ணே, சிலேட்டு வேண்டாம். இதுல தட்டுங்க. இல்லைன்னா ஒரு தட்டு. ஆமான்னா ரெண்டு. நம்ம பழைய கணக்குதான்."

இரண்டு தட்டு.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வழக்கமான ஃபோல்டரிலா சேமித்தீர்கள்? இரண்டு தட்டு. வேறு யாராவது கணினியைத் தொட்டார்களா? ஒரு தட்டு. பொத்தான் டிரைவைக் கழற்றினீர்களா? ஒரு தட்டு. கேள்வி தீர்ந்து போய்க்கொண்டிருந்தது. சும்மா கேட்டு வைப்போம் என்றுதான் அடுத்ததைக் கேட்டாள்.

"ஃபோல்டரைத் திறந்தப்ப அதுல முப்பத்தொண்ணு இருந்துச்சு இல்லையா? அதுக்குக் கீழதானே முப்பத்திரண்டை வச்சீங்க?"

ஒரு தட்டு.

"இல்லையா? முப்பது, இருபத்தொம்பது?"

ஒரு தட்டு. சுண்ணாம்புக்கட்டி கீச்சென்று எழுதியது.

"'முதல் நாள் காலியா இருந்துச்சு. நீங்க எடிட்டிங்குக்கு எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்'னு எழுதறார்ம்மா" என்றார் மனைவி. இந்த முறை எதையும் சேர்க்கவில்லை.

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. முடிந்த அத்தியாயங்களை அவ்வப்போது தன் கணினிக்கு எடுத்துக்கொண்டு ஃபோல்டரைக் காலியாக்கி அனுப்புவது அக்காவின் வழக்கம். ஆனால் அந்த வாரம் அவள் எடுக்கவில்லை. ஐந்து அத்தியாயங்களும் அப்போதும் டிரைவில்தான் இருந்தன. அப்படியானால் கண்டக்டர் திறந்தது டிரைவை அல்ல. விளக்கு எரிந்ததே தவிர, டிரைவ் ஏறவே இல்லை. பாதி எழுத்தில் நின்ற டிரைவைச் சரிபார்க்காமல் ஏற்ற மாட்டேன் என்று கணினி அதை ஒதுக்கி வைத்திருக்கிறது. அனுமதி இல்லை என்று அன்று கத்தியது அந்தப் பழைய எண் தொல்லையால் அல்ல. அவளே போட்ட பூட்டு, தன் வேலையைச் செய்திருக்கிறது. அதைத்தான் அவள் ஏழு ஏழு ஏழு என்று திறந்துவிட்டாள். பிறகு அவளே டிரைவைச் சரிசெய்து ஏற்றினாள். ஏறிய டிரைவ், கீழே அறையில் இருந்ததையெல்லாம் அப்படியே மூடிக்கொண்டது. எதில் தேடினாள்? மூடியில் தேடியிருக்கிறாள். வட்டை அடைத்துக்கொண்டிருந்தது எதுவென்பதும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. இன்று மத்தியானம் கடைக்காரர் துடைக்கப் போவது அந்த வட்டைத்தான்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"அண்ணே, நீங்க ஏத்தின ஜனம் ஒருத்தர்கூட காணாமப் போகலை. பஸ்ஸுலதான் இல்லை. எல்லாரும் பிளாட்பாரத்துலயே நிக்கறாங்க. தப்பு என்னோடது. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது.

வராந்தாவில் நின்று செயலாளரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பதிவு நடக்கும்போது தொலைபேசிகளை இழுப்பறையில் போட்டுப் பூட்ட வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். தன்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி ஊரில் இல்லாத நிதானத்தோடு நின்று நின்று போனது.

நூலகப் படியில் கடைக்காரர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலி அட்டைப்பெட்டி. அவர் எப்போதோ வந்துவிட்டார். உள்ளே ஆசிரியை வாசித்துக்கொண்டிருந்ததால் கணினியைத் தூக்க முடியாமல் காத்திருந்தார். அக்காவுக்கு மூச்சு வந்தது.

ஒலிப்பதிவு அறைக் கதவின் கைப்பிடியில் துணிப்பை தொங்கியது. பை தொங்கினால் பதிவு நடக்கிறது, யாரும் நுழையக் கூடாது. இதுவும் அவள் போட்ட சட்டம்தான். செயலாளர் ஒரு தடவை தெரியாமல் நுழைந்ததற்கு அவள் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. இப்போது அவளே பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆசிரியை வாக்கியத்தின் நடுவில் நின்றார். "பை தொங்குதே, பாக்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகச் சங்கடப்பட்டார்.

"பாக்கலை டீச்சர். தொட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள் அக்கா. "மன்னிச்சுக்கங்க. இந்த அத்தியாயத்தை ஏற்கெனவே ஒருத்தர் படிச்சு வச்சிருக்கார்."

ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். ஆனால் கணினி அவ்வளவு சுலபமாக இடம் கொடுக்கவில்லை. டிரைவை இறக்கச் சொன்னால், உபயோகத்தில் இருக்கிறது, இறக்க முடியாது என்றது. ஆசிரியையின் பதிவு பாதியில் திறந்திருந்தது. அவருடைய வாசிப்பும் வீணாகக் கூடாது என்று அதைச் சேமித்து, மென்பொருளை மூடினாள் அக்கா. மறுபடியும் இறக்கச் சொன்னாள். கணினி பதில் ஒன்றும் பேசவில்லை. லினக்ஸ் பேசாமல் இருந்தால் சொன்னதைச் செய்துவிட்டது என்று பொருள்.

இப்போது டிரைவ் இல்லை. காலியாக இருக்க வேண்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு கமாண்ட் அடித்தாள். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அடித்தாள். வழக்கமாக வண்டுபோல ரீங்கரிக்கும் குரலை மற்றவர்களும் கேட்கட்டும் என்று மெதுவாக்கினாள்.

"அத்தியாயம் முப்பத்திரண்டு" என்றது கணினி. "அத்தியாயம் முப்பத்து மூன்று."

செயலாளர் கதவருகே வந்து நின்றிருந்தார். கணினி நாற்பது வரை சொல்லி நிறுத்தியது. நாவலில் மொத்தம் நாற்பது அத்தியாயங்கள். கடைக்காரர் பெட்டியோடு எட்டிப் பார்த்து, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூன்று பேர் ஒரே குரலில் வேண்டாம் என்றதில் அவர் ஒரு படி கீழே போய்விட்டார்.

செயலாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் அந்த அம்மாகிட்ட என்ன சொல்லிட்டேன் பாரு" என்றார்.

"உங்க மேல தப்பில்லை சார். பூட்டைத் திறக்கச் சொன்னது நான்."

பதிவுகளை இரண்டு வேறு டிரைவுகளில் நகல் எடுத்து, இரண்டையும் போட்டுக் கேட்ட பிறகுதான் அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்தாள். நகலைத் தன் அறைக்குக் கொண்டுபோய்த் திறந்தால், அங்கே "அனுமதி மறுக்கப்பட்டது" என்றது. அந்தப் பழைய எண் தொல்லை. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அன்றே இரண்டு கணினிகளிலும் வாசகர்களுக்கென்று ஒரே எண்ணில் ஒரு குழுவை உண்டாக்கி, டிரைவுகளை அந்தக் குழுவின் பொறுப்பில் விட்டாள். பிறகு காலி ஃபோல்டரைத் துப்புரவாக்கி, பழையபடி பூட்டினாள். பூட்டிவிட்டு, வாசகர் பெயரில் அதில் எழுத முயன்று பார்த்தாள். முடியாது என்றது கணினி. "அப்படிச் சொல்லு" என்று அதன் தலையில் ஒரு செல்லத் தட்டுத் தட்டினாள்.

ஒன்பது அத்தியாயங்களையும் அவள் செப்பனிட்டாள். அந்த வாரத்து இருமல் அதிகம். ஒவ்வொன்றாக எடுத்தாள். முப்பத்திரண்டின் முடிவில் மேஜையில் இரண்டு தட்டு. எடுத்தாள். அப்படியே வரிசையாக எடுத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்துக்கு வந்தாள். கப்பல் என்ன ஆனது என்பதைக் கண்டக்டர் மிகவும் மெதுவாக, அவசரமே இல்லாதவர்போல வாசித்திருந்தார். கடைசி வாக்கியம் முடிந்தது. அக்கா வெட்டுவதற்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரே ஒரு தட்டுதான் வந்தது. அதற்குப் பிறகு பிளாஸ்க் மூடியைத் திருகுகிற சத்தம். அதோடு பதிவு நின்றது.

பிளாஸ்க் சத்தத்தை எடுத்தாள். தட்டின் மேல் விரல் நெடுநேரம் நின்றது.

மறுவாரம் பதிவைப் போட்டுக் கேட்கிற ஒலிப்பானை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். செயலாளரும் கூட வந்து, அந்த அம்மாளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். "கப்பல் என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது, முதல்ல அதைப் போடுங்க" என்றார் அந்த அம்மாள். கடைசி அத்தியாயத்தைப் போட்டார்கள். அந்த அறையில் இனி எழ வழியில்லாத குரல், காதருகே பேசுவதுபோல எழுந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் இருமலும் நின்றுவிட்டது. கப்பல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு தட்டு.

சற்றுப் பொறுத்து, சுண்ணாம்புக்கட்டி கீச்சிட்டது. அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தார். "'செக்கரம்மா, இதை வெட்ட மறந்துட்டீங்க'ன்னு எழுதியிருக்கார்."

"மறக்கலைண்ணே" என்றாள் அக்கா.

பதிலுக்கு அவள் காது கொடுத்துக் காத்திருந்தாள். கட்டில் கம்பியில் இரண்டு தட்டு, மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது.